யார் எழுதிப் போட்டது?

“எழுதினவன் யாருன்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் கையெழுத்துப் போடுறேன்.”

என் வீட்டுக்காரர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த பெட்டிக்காரம்மா படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன்.

பெட்டிக்காரம்மா என்பது தெருவில் வைத்த பேர். அவர்களுடைய அறக்கட்டளை மருந்துக்கடை வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறது. நொடித்துப்போன குடும்பம் தானாகப் போய்க் கேட்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் யாராவது அந்த வீட்டைப் பற்றி நாலு வரி எழுதிப் போட வேண்டும். எழுதியவர் பேர் வேண்டாம். தன் வீட்டைத் தானே எழுதியது தெரிந்தால் சீட்டு செல்லாது.

கேட்க வாய் வராதவர்கள்தான் பாதிப் பேராம். அதற்காக இப்படி ஓர் ஏற்பாடு.

எங்கள் வீட்டுக்கு அவர் வருவது இது மூன்றாவது முறை. முதல் முறை வந்துபோன அன்றே இவருக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இந்த வீட்டு நிலவரத்தை வெளியே சொன்னது எவன்?

மளிகைக்கடைக்காரராக இருக்குமோ என்றார். அவர் பார்வையே சரியில்லையாம். பிறகு கீழ்வீட்டுத் தையல்காரர். பிறகு என் தம்பி பெண்டாட்டி. கொஞ்சநஞ்சமா? பத்து நாளாகத் தெருவில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. யாராவது வணக்கம் சொன்னால்கூட, இவன் எதற்கு இளிக்கிறான் என்று கேட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஆமாம், எனக்கும் அவன்மேல்தான் சந்தேகம் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பாவம் தையல்காரர். எங்கள் வீட்டில் உறையில்லாமல் தலையணை ஒன்று கிடந்ததைப் பார்த்து, வெட்டுத்துணியில் உறை தைத்துக் கொடுத்த மனுஷன்.

அறக்கட்டளைமேலும் இவருக்கு நம்பிக்கை கிடையாது. சும்மா கொடுப்பாங்களாம், சும்மா! போட்டோ எடுத்து ஊரெல்லாம் ஒட்டப்போறாங்க, பாரு.

இவர் தச்சர். எட்டு மாதத்துக்கு முன் அறுவை இயந்திரம் வலது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோய்விட்டது. அறக்கட்டளைக்காரர்கள் சந்தையோரம் ஒரு பட்டறை பிடித்துத் தருகிறார்கள். மூன்று விரலே போதும்படி மரத்தை இறுக்கிப் பிடிக்கும் மேஜையும் உண்டு. தன் காலில் நிற்கும்வரை இரண்டு வருஷம் வாராவாரம் வந்து பார்ப்பார்கள்.

இன்று கையெழுத்து விழாவிட்டால் பட்டறை அடுத்த குடும்பத்துக்கு. அப்படிப் போனால் எங்கள் பெரியவள் படிப்பை நிறுத்திவிட்டுப் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போக வேண்டும். அதற்குப் பேசிக்கூட வைத்தாயிற்று.

“யாருன்னு எங்களுக்கே தெரியாதுங்க. வேணும்னா என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறேன்” என்றார் பெட்டிக்காரம்மா.

பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

ஐயோ, படிக்காதீர்கள் அம்மா என்று வாய்வரை வந்துவிட்டது.

‘இந்த வீட்டு ஆள் கெட்டிக்காரத் தச்சர். யாரிடமும் கை நீட்ட மாட்டார். நீங்களாக வந்தால்தான் உண்டு. வந்தால் கொஞ்சம் சத்தம் போடுவார். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.’

எழுத்தை எவ்வளவு மாற்றி என்ன பிரயோஜனம்? பதினெட்டு வருஷமாக இதே வாயைக் கேட்டுக்கொண்டிருக்கிற மனுஷருக்கு, இது நான்தான் என்று தெரியாமலா போகும்?

நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். சீட்டும் போச்சு, பட்டறையும் போச்சு.

இவர் கத்தவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால், என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொண்ணும் இருக்கு. உங்க வீட்டுக்கு ரெண்டு சீட்டு வந்துச்சு” என்றார் பெட்டிக்காரம்மா.

இரண்டா? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் போட்டது ஒன்றுதானே!

அப்படியானால் நிஜமாகவே எவனோ எங்களை வேவு பார்த்திருக்கிறான். அட, தையல்காரரேதானா? அதற்குள் பெட்டிக்காரம்மா இரண்டாவது தாளையும் பிரித்துப் படித்தார்.

‘இந்த வீட்டு அம்மா எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, தனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறாள். வாரத்தில் நாலு நாளாவது வயிறு சரியில்லை. பிள்ளைகள் நம்புகிறார்கள். புருஷனும் நம்புவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்காகவாவது வாருங்கள்.’

எங்கள் அடுக்களைக்கு ஜன்னல் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் வெளியாள் எவரும் உள்ளே வந்ததில்லை.

நான் இவரைப் பார்த்தேன். இப்போது இவர் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

பெட்டிக்காரம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. படிவத்தில் எழுதியவர் என்ற இடத்தில் ‘அக்கம்பக்கத்தார் இருவர்’ என்று நிரப்பிக்கொண்டு, தாளை எங்கள் பக்கம் திருப்பினார்.

இவர் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். அடியில் நானும் போட்டேன்.

பெட்டிக்காரம்மாவை வாசல்வரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தால், அடுக்களையில் இவர் தட்டை எடுத்து இருந்ததையெல்லாம் அதில் போட்டுக்கொண்டிருந்தார்.

என் முன்னால் வைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நான் கடைசி வாய் விழுங்கும்வரை, திருடியைக் காவல் காப்பவர் மாதிரி, கண்ணை எடுக்கவே இல்லை.