ஒரே ஆள்

உங்கள் அப்பாவின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஒருவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறீர்களா? நான் சங்கிலி மகன் வீரணன். பாலைவனத்தில் குழாய் பதிக்க வந்த இடத்தில், பக்கத்துக் கட்டில்காரர் வீரணன் மகன் சங்கிலி. "வாங்கப்பா" என்பேன். "சொல்லுங்கப்பா" என்பார் அவரும்.

ஆள் பட்டியலைச் சரிபார்த்த எழுத்தர் தங்கமாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, என் பெயரின் மேல் கோடு போட்டு அடித்தார். பெயர் அடிபட்டவனுக்கு வேலையும் இல்லை, ஊர் திரும்ப டிக்கெட்டும் இல்லை.

"ரெண்டும் ஒரே ஆளு. பேரத் திருப்பி இன்னொரு தடவ எழுதிட்டாங்க."

"அப்ப நான் யாருங்க? முன்னாடிதான நிக்கிறேன்?"

"நிக்கிறீங்க, சரி. ஆனா பதிச்ச குழா, தின்ன சோறு எல்லாத்துக்கும் அவரு ஒருத்தரே போதுமே. நீங்கன்னு ஒருத்தர் இருந்தாத்தான் நடந்திருக்கும்னு ஏதாச்சும் ஒண்ணு காட்டுங்க."

யோசித்தேன். "அறையில ரெண்டு தட்டு இருக்குங்க."

"ஒருத்தரு ரெண்டு தட்டு வச்சிக்கக் கூடாதா?"

"குறட்டைச் சத்தம்?"

"அவருக்கும் மூக்கு இருக்குல்ல?"

சங்கிலியின் கையைப் பிடித்தேன். "நான் இருக்கேன்னு நீங்களாச்சும் சொல்லுங்கப்பா."

அவர் கையை மெல்ல உருவிக்கொண்டார். "நான் ஒருத்தன்தான் சார்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆட்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். ஓட்டுநர் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்.