மண் குளிரட்டும்

"நான் செப்டம்பர்லயே துலிப் கிழங்கு நட்டுட்டேன். நீ இன்னும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறியே!" அண்ணன் வவுட்டர் கேலி செய்தான்.

"மண்ணு குளிரட்டும்ணா. சூட்டுல நட்டா அழுகிடும்," என்றாள் டினெக். தனியாக அவள் போடும் முதல் வெள்ளாமை. நவம்பரில்தான் நட்டாள்.

ஏப்ரலில் அவள் வயல் செக்கச்செவேலெனப் பூத்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால், அத்தனை பூவும் தலை வெட்டுப்பட்டுக் கிடந்தன.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து அப்போதுதான் வாழவந்திருந்த அண்ணி பதறிப்போனாள். "பொறாமையில நீங்கதானே வெட்டுனீங்க?" என்று புருஷன்மேல் பாய்ந்தாள்.

"நான்தான் வெட்டினேன், அண்ணி!" டினெக் சிரித்தாள். "பூவை வெட்டினாத்தான் அடியில கிழங்கு பெருக்கும். நான் விக்கிறது கிழங்கைத்தானே!"

"அப்போ நீங்க ஏன் இன்னும் வெட்டல?" அண்ணி வவுட்டரைக் கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். முந்திக்கொண்டு நட்ட அவன் வயலில் வெட்டுவதற்கு ஒரு பூகூட இல்லை.