கல்லுளிமங்கன்

“நேர்ல பார்த்தா என்னை அடையாளம் கண்டுபிடிச்சிடுவியா?”

ஒருநாள் வேலைக்கு நடுவே அவன் எழுதிக் கேட்டிருந்தான். “ஆயிரம் பேர் நடுவுல நின்னாலும்” என்று அவள் பதில் போட்டிருந்தாள்.

இன்று அறையில் நின்றது ஏழே பேர். இரண்டு வருடமாக ஆளுக்கொரு ஊரில், அவரவர் வீட்டிலிருந்தே ஒரே மென்பொருளை எழுதிய குழு, முதல்முறையாக ஒரு வாடகை அறையில் கூடியிருந்தது. திரையில் தோள்வரை மட்டுமே தெரிந்தவர்களுக்குத் திடீரென்று கால் முளைத்திருந்தது.

“சார், நீங்க இவ்வளவு உயரமா? கேமராவுல குட்டையா தெரிஞ்சீங்க!”

“குட்டை நான் இல்லப்பா, என் நாற்காலி” என்றார் டீம் லீடர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கண் மட்டும் வாசலிலேயே இருந்தது.

மீட்டிங்கில் முகமும் காட்டாமல், வாயும் திறக்காமல், எழுத்திலேயே பேசுகிறவன் அவன். டீம் வைத்த பெயர் கல்லுளிமங்கன். அவளுக்கு மட்டும் தனியாகப் பக்கம் பக்கமாக எழுதுவான். பிழை கண்டுபிடிப்பதில் முந்திக்கொள்ளும் அவளை ‘முந்திரிக்கொட்டை’ என்பான். அந்தப் பெயர் வேறு யாருக்கும் தெரியாது.

அவனை நம்பித்தான் வீட்டில் கல்யாணப் பேச்சை நிறுத்தி வைத்திருந்தாள். இன்று அவன் வாயால் ஒரு வார்த்தை வந்தாக வேண்டும். இல்லையென்றால் அப்பா பார்த்த இடம்தான்.

பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். டீமில் மூத்தவள். படுத்த படுக்கையான கணவர், மூன்று பிள்ளைகள். ஒற்றைச் சம்பளத்தில் எப்படித்தான் ஓட்டுகிறாளோ என்று எல்லோரும் பேசிக்கொள்வார்கள். அவனைத் தன் சொந்தக்காரன் என்று இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அவள்தான்.

“அக்கா, உங்க சொந்தக்காரர் வந்துடுவாரில்ல?”

“வருவான், வருவான். நீ தண்ணியக் குடி.”

டீம் லீடர் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னைக்கு நேர்ல முகம் காட்டாதவங்களுக்கு வேலை இல்லைன்னு மேலிடத்துல கறாரா சொல்லிட்டாங்க. அந்த மனுஷன் எங்கதான் இருக்கார்?”

அக்கா எழுந்தாள். “பிள்ளைக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்.”

அக்கா வெளியே போன சற்று நேரத்தில் எல்லோருடைய போன்களும் ஒன்றாகச் சிணுங்கின. ‘மன்னிச்சிடுங்க. என்னால வர முடியல.’

“ராஜினாமாவைக்கூட டைப் அடிச்சே குடுக்கறாம்ப்பா!”

அறை மறுபடி சிரித்தது. அவள் எழுந்து ஜன்னலோரம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். கண்ணில் நீர் கட்டி, போனில் எழுத்துகள் கலங்கின. அவனுக்கு மட்டும் எழுதினாள்: ‘எனக்காகக்கூடவா?’

தோளில் ஒரு கை விழுந்தது. அக்கா திரும்பி வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அழுகை முட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, எழுதியதை அனுப்பினாள்.

அக்காவின் கைப்பைக்குள் ஒரு போன் சிணுங்கியது. அக்காவின் போனோ அக்காவின் கையிலேயே இருந்தது.

அக்கா பையைத் திறக்கவில்லை.

“அழாத, முந்திரிக்கொட்டை.”

அவள் தோளிலிருந்த கையை மெல்ல விலக்கினாள். தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.