சிவப்பா, வெள்ளையா?

“ரெண்டுல ஒண்ணு. எது வந்தாலும் மறுபேச்சு பேசக் கூடாது. கற்பூரத்துல அடிச்சு சத்தியம் பண்ணு” என்றாள் அம்மா லோகநாயகி.

நாகவல்லி எரிகிற கற்பூரத்தின் மேல் கையடித்தாள். திருவேற்காட்டு அம்மன் சந்நிதியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முதுகைப் பிடித்துத் தள்ளியது.

வேறு வழி? தொல்லியல் எம்.ஏ.வுக்கு மைசூரிலும் இடம், பூனாவிலும் இடம். இரண்டு கடிதங்களும் பதினைந்து நாளாக அலமாரியில் கிடந்தன. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் இரண்டுமே போச்சு.

அப்பா வேலுசாமி ஆவடியில் வேலை முடிந்து வருவார், கடிதங்களைப் பார்ப்பார், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். அம்மாவுக்கோ அந்தப் படிப்பே வேப்பங்காய். பூண்டி ஆற்றங்கரையில் கிடைத்த கற்காலக் கல் ஒன்றை நாகவல்லி பத்திரமாகக் கொண்டுவந்தபோது, “கல்லு பொறுக்கறதுக்கு ஒரு டிகிரியா?” என்று முருங்கை மரத்தடியில் வீசியவள் அவள்.

நேற்று நாகவல்லி சோறு தண்ணி இல்லாமல் அழுத பிறகுதான் அம்மா கொஞ்சம் இறங்கி வந்தாள். “சரி, ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துடலாம்.”

அர்ச்சனைத் தட்டை நீட்டி, “ரோகிணி, பூரம், அவிட்டம்” என்றாள் லோகநாயகி. ரோகிணி நாகவல்லிக்கு. மற்ற இரண்டும் அப்பாவுடையதுமில்லை, அம்மாவுடையதுமில்லை. பதற்றத்தில் மாற்றிச் சொல்கிறாள், பாவம், என்று நினைத்துக்கொண்டாள் மகள்.

வாழையிலையில் கட்டிய இரண்டு பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்து எடுத்துவந்தார் பூசாரி. ஒன்றில் சிவப்பு அரளி, ஒன்றில் வெள்ளை.

“செவப்புன்னா பூனா. சரியாம்மா?”

அம்மா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தலை லேசாக ஆடியது. “நீயே உன் கையால எடுடி. அப்பறம் எங்க மேல பழி போடக் கூடாது.”

பூனாவில்தான் அவள் உயிரே இருந்தது. ஆனால் ஆசைப்பட்ட எது அவளுக்குக் கிடைத்திருக்கிறது? கடனே என்று ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு!

நாகவல்லிக்குக் கால் தரையில் பாவவில்லை. “அம்மா, ஆத்தாவே சொல்லிட்டாம்மா. நாளைக்கே போயி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துடட்டா?”

லோகநாயகி அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றி, மகளின் தலையில் வைத்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. பல நாள் தூங்காதவளின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“டிக்கெட்டு இன்னாத்துக்குடி? ரெண்டு பசங்க ஜாதகமும் ஒனக்குப் பொருந்திக் கீது. எத முடிக்கிறதுன்னு புரியாம ஒங்கப்பாவும் நானும் தவிச்சிக்கினு இருந்தோம்.”

மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

“செவப்பு, அம்பத்தூர் மாப்ள.”