தொட்டிமேல் விளக்கு

மகள் அமலிக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. தொட்டியில் நீந்தும், ஆக்ஸலாட்டல் என்னும் நீர்ப்பல்லிக் குஞ்சுகளையாவது அவள் பார்க்கட்டும் என்று சேவியர் அதன்மேல் பெரிய விளக்கைக் கட்டினார். நாள் முழுக்க அது எரிந்தது. கால் அறுந்தாலும் மறுபடி முளைக்கும் பிராணி என்று கேள்விப்பட்டுத்தான் ஆசையாக வாங்கியிருந்தார். இப்போது குஞ்சுகளின் கண்களில் பால் போலப் படலம்; ஒன்றுக்கு ஒரு கண் சுருங்கி உள்ளே போயிருந்தது. பார்க்க வந்த மீன்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“இதுக்குக் கண்ண மூட இமையே கிடையாது சார். இருட்டுல கிடக்குற ஜீவன். இம்புட்டு வெளிச்சத்துல போட்டுக் கண்ண அவிச்சிட்டீங்களே!”

அவர் போனபின் அமலி வழக்கம்போல வந்து கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உட்கார்ந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது? சேவியர் சத்தமில்லாமல் விளக்கின்மேல் கறுப்புப் போர்வையைப் போட்டு மூடினார். ஜன்னல் சாத்திய அறை கும்மிருட்டானது.

“அப்பா, இங்க வாங்களேன். சின்னது என்னையே பாத்துச் சிரிக்குது.”

நேற்றும் இதையேதான் சொன்னாள். அதற்கு முந்தின நாளும்.

“ஆமாம்மா,” என்றார் சேவியர், போர்வையை எடுக்காமல். “சிரிக்குது.”