தொட்டியில் பேசிய குரல்

ஆலையில் வேலை முடிந்து வந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போதே பால்கனியிலிருந்து அந்தக் குரல் வரும். "தாரணி, வேர் காயுது பாரு. தண்ணி ஊத்து கண்ணு."

தக்காளி விதை ஊன்றிய, மண்ணின் ஈரம் பார்த்துப் பேசும் அந்தத் தொட்டிக்கு யார் குரலை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னபோது, தாரணி கைப்பேசிப் பதிவுகளில் இருந்த தன் கணவன் சம்பத்தின் பழைய குரலைக் கொடுத்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு சொல் பேசுவதற்கே அவனுக்கு நெற்றி வியர்த்துவிடும். தொட்டியோ அவன் முன்பு பேசியது போலவே தடையில்லாமல் பேசியது. விதை முளைத்துச் செடி இடுப்பளவு வளர்வதற்குள், அவள் கால்கள் சம்பத்தின் சக்கர நாற்காலியைத் தாண்டி நேரே பால்கனிக்குப் போகப் பழகிவிட்டன.

அன்று குரல் வரவில்லை. செடி பட்டுப்போய்விட்டதோ என்று பதறி ஓடினாள். தொட்டியின் ஒயர் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. மண் ஈரமாக இருந்தது. பக்கத்தில் சம்பத், நனைந்த சட்டையோடு, இடது கையில் சொம்போடு.

"ஏனுங்க, நீங்களா ஊத்துனீங்க?"

தலையாட்டினான். பிறகு தொட்டியைக் காட்டி, வேண்டாம் என்று கையசைத்தான்.

அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. அவன் காலடியில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள்.

"சா... சாப்..." என்று தொடங்கினான்.

என்ன கேட்க வருகிறான் என்று முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. மற்ற நாளாக இருந்தால், "சாப்டுட்டனுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பாள். இன்று அவன் அந்தச் சொல்லை முடிக்கும்வரை காத்திருந்தாள்.