நாற்பத்தைந்து கிலோ

இடுப்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மலையம்மாள் ஓடி வருகிறாள். கே.கே. நகர் சமுதாயக் கூடத்தில் ரத்ததான முகாம் ஒரு மணிக்கு முடிகிறது. சுவர்க் கடிகாரத்தில் இன்னும் நான்கே நிமிடம். ஜன்னல் வெயில் எடை மெஷினின் கண்ணாடியில் பட்டு மேல்சுவரில் நடுங்குகிறது. “மெதுவாக்கா! போன தடவை நாப்பத்து மூணு கிலோன்னு திருப்பி அனுப்புனேன்ல? நாப்பத்தஞ்சு இருந்தாத்தான் எடுப்போம்,” என்கிறாள் நர்ஸ் ஸ்ரீலட்சுமி. “இப்ப ஏறிருச்சு தாயி. எம்மக பொறக்கையில யாரோ முகந்தெரியாத புண்ணியவான் ரத்தந்தான் எனக்கு ஏத்துனாங்க. நான் ஒருத்தருக்குக் குடுக்க வேணாமா?” மெஷினில் ஏறியதுமே, இடுப்பைப் பிடிக்காத கையை ஊசிக்கு நீட்டியே விடுகிறாள். முள் ஆடி ஆடி நாற்பத்தைந்தில் நிற்கிறது. கட்டிலில் படுத்து ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும் சௌந்தரராஜன், அவள் கடையில் தினமும் காய்கறி வாங்குகிறவர், கை தட்ட முடியாமல் காலை ஆட்டுகிறார். அந்த நேரம் பார்த்து ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறுகிறது. மலையம்மாள் தும்முகிறாள், இடுப்பிலிருந்த கை மூக்குக்குப் போகிறது. டங். டங். மடியிலிருந்து அவள் கடையின் ஒரு கிலோ படிக்கல் இரண்டும் தரையில் விழுகின்றன. முள் இறங்கி, மயிரிழை பிசகாமல் நாற்பத்து மூன்றில் நிற்கிறது. “அட, ஒங்கடை எடை சுத்தந்தாம்மா! நாந்தேன் இம்புட்டு நாளாச் சந்தேகப்பட்டுட்டேன்!” என்கிறார் சௌந்தரராஜன். கூடமே சிரிக்கிறது. மலையம்மாள் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.